இரண்டு வரிசையிலும் நிற்பவர்கள்

இசக்கியம்மாளிடம் பாடம் கேட்டவர்களில் ஆசீர்வாதம்தான் வயதில் மூத்தவர். ஆசிரியையைவிடவும் மூத்தவர். அரசாங்கப் புள்ளியியல் வேலையில் ஓய்வு பெற்றதும், வீட்டில் சும்மா உட்கார்ந்து மனைவியிடம் பேச்சு வாங்குவதற்குப் பதில் நோய்க் கணக்குப் படிக்கலாம் என்று வந்தவர்.

இசக்கியம்மாள் டாக்டர். ஊசி போடும் டாக்டர் அல்ல. ஒரு நோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று ஊர் ஊராக விசாரித்து, வந்த தகவல்களுக்குள் பதில் தேடுகிறவர். கடலோர மாவட்டம் ஒன்றில் சின்னதாக ஓர் ஆய்வு மையம் நடத்திவந்தார். உட்கார வைத்துப் பாடம் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு வேலை கொடுப்பார். அதில் எரிச்சல்பட்டு ஓடிப்போனவர்கள் உண்டு. ஆசீர்வாதம் எரிச்சல்பட்டார், ஆனால் ஓடவில்லை.

அந்தக் கோடையில் அவருக்குக் கிடைத்தது சிறுநீரகக் கணக்கு.

மாவட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர்களிடம் என்னென்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கி நிறம் மாறுகிறதா என்றும் பார்த்திருந்தார்கள். மாறினால் சந்தேகம். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். அதற்கென்று மாவட்டத்துக்கு ஒரே ஒரு பரிசோதனை வண்டி வந்திருந்தது. எந்தத் தொழில் செய்பவர்களிடம் சந்தேகம் அதிகமோ, அவர்கள் குடியிருப்புக்கு வண்டி போகும். அதை ஆசீர்வாதத்தின் கணக்கு சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அதிகாரி முன்னால் வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினார். கட்டம் கட்டமாக, பார்க்கவே அழகாக இருந்தது.

"டீச்சர், உப்பளத்துல ஆபத்து இல்ல. இருக்கிறதுலயே அங்கதான் குறைவு. வண்டி செங்கல் சூளைப் பக்கம் போகலாம்."

இசக்கியம்மாள் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். அதில் 'பல தொழில்' என்று இருந்தது.

"இதுல யாரு சார் இருக்காங்க?"

"ஒண்ணுக்கு மேல வேலை சொன்னவங்க. உப்பளமும் போவேன், நடவும் போவேன், கரி மூட்டம் போட வேலிக்கருவை மரம் வெட்டவும் போவேன்னு சொன்னா, அவங்களை எதுல போடுறது? அதான் தனியா ஒரு கட்டம்."

"இதுல சந்தேகம் நிறைய இருக்கே."

"இருக்கு. ஆனா கலப்புக் கட்டம் டீச்சர். அதை வச்சு எதையும் சொல்ல முடியாது. அதனால விட்டுட்டேன்."

"எவ்வளவு பேரு?"

"பாதிக்கு மேல" என்றார் ஆசீர்வாதம். சொல்லும்போது அவருக்கே குரல் கொஞ்சம் இறங்கியது.

இசக்கியம்மாள் அட்டவணையைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக் கல்யாணம். நீங்க காலையிலேயே வந்து ஒரு வேலை செய்யணும்."

தான் சொன்னதை டீச்சர் காதில் வாங்கவே இல்லை என்று ஆசீர்வாதம் நினைத்துக்கொண்டார்.

அவர் வெளியே வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். வெள்ளைமேட்டு உப்பளக் குடியிருப்புக்காரி, பெயர் பேச்சிக்கனி. நாற்பது வயதிருக்கும். கண்ணைச் சுற்றி உப்பு வெயில் கருக்கியிருந்தது. இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன.

"ஐயா, பட்டை முக்கிப் பாத்தாவல்லா, எனக்கு நிறம் மாறிட்டுன்னு சொன்னாவ. வண்டி வரும்னாவ. எப்ப வருது?"

ஆசீர்வாதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தக் குணம் அவருக்கு அன்று கஷ்டமாக இருந்தது.

"உங்க பக்கம் வராதுன்னு நினைக்கேம்மா. உப்பளத்துல அவ்வளவு ஆபத்து இல்லன்னு கணக்குல வருது."

"இல்லையா?" அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "மழை மாசம் நடவுக்குப் போவோம். மத்தபடி நாள் பூரா வெயில்ல உப்பு வாருதோம். தண்ணி குடிச்சா ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. அதனால குடிக்கதே இல்ல. எங்க அக்காளுக்கும் இப்படித்தான் காலு வீங்கிச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப, முத்திப்போச்சு, முன்னாலயே வந்திருந்தா மாத்திரையிலயே நிறுத்தியிருக்கலாம்னாவ. போன கோடையில போயிட்டா."

ஆசீர்வாதம் கையிலிருந்த அட்டவணையை மடித்தார்.

"அப்ப என் காலு வீக்கம் எந்தக் கணக்குலய்யா வரும்?"

அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. 'பல தொழில்' கட்டத்தில் வரும். அந்தக் கட்டத்தைத்தான் அவர் விட்டுவிட்டார். ஒரு போன் நம்பர் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில் பெண், இசக்கியம்மாளின் அக்கா மகள். மாப்பிள்ளை, இசக்கியம்மாளின் அண்ணன் மகன். சொந்தத்துக்குள் கல்யாணம் வேண்டாம் என்று ஊரெல்லாம் போய்ச் சொல்கிற டாக்டரின் வீட்டிலேயே இது நடந்தது. வீட்டில் அவர் பேச்சு எடுபடவில்லை. எந்த டாக்டருக்குத்தான் வீட்டில் எடுபட்டிருக்கிறது?

தாலி கட்டி முடிந்ததும் இசக்கியம்மாள் ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டார்.

"போட்டோவுக்கு மேடைக்கு ஆள் அனுப்புற பொறுப்பு உங்களுது. முதல்ல பொண்ணு வீட்டார் ஒரு போட்டோ. அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

ஆசீர்வாதமும் நூறு கல்யாணத்தில் சாப்பிட்டவர்தான். சொந்தத்தில் பெண் எடுத்தவரும்கூட. ஆனால் ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், உள்ளே இருக்கும் ஆபீசர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார். நாற்காலிகளை இழுத்து இரண்டு வரிசை போட்டார். இடது பக்கம் பெண் வீடு, வலது பக்கம் மாப்பிள்ளை வீடு. வருகிறவர்களை நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா வந்தார்.

"நீங்க எந்த வீடு?"

"மாப்பிள்ளைக்கு அப்பாய்யா நான்."

"அப்போ வலது பக்கம்."

"பொண்ணுக்குத் தாய்மாமன்லா!"

ஆசீர்வாதம் யோசித்தார். ஒரே ஆளை இரண்டு வரிசையில் எப்படி உட்கார வைப்பது? கணக்கு இடிக்கும். நடுவில் மூன்றாவதாக ஒரு வரிசை போட்டார். "இங்க உக்காருங்க. இது இரு வீட்டார்."

அடுத்து பெண்ணின் அம்மா வந்தாள். அவள் மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தை. மூன்றாவது வரிசை. பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு மாமா. அவரும் அங்கே போனார். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்கு அத்தை. அவளுக்கும் அங்கேயே நாற்காலி விழுந்தது. அண்ணன்மார், மயினிமார், மச்சான்மார் என்று கூட்டம் கூட்டமாக வந்து, எந்த வீடு என்று கேட்டதற்கு "ரெண்டும்தான்" என்று சிரித்தார்கள். எல்லோரும் நடு வரிசைக்கே போனார்கள்.

கடைசியில் இசக்கியம்மாளே வந்தார்.

"நான் பொண்ணுக்குச் சித்தி. மாப்பிள்ளைக்கு அத்தை."

"அப்போ மூணாவது வரிசைதான் டீச்சர்."

"சரி சார்" என்று அவர் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பொண்ணு வீட்டார் வாங்க!" என்று போட்டோகிராபர் குரல் கொடுத்தார். ஆசீர்வாதம் இடது வரிசையை ஒழுங்காக மேடையேற்றினார். பெண்ணோடு ஆபீசில் வேலை பார்க்கும் நாலு பெண்கள். மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். பெண்ணின் அப்பாவோடு காலையில் நடக்கப் போகும் இரண்டு பேர். அவர்கள் கூச்சத்தோடு மணமக்களின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். "சார், பொண்ணோட அம்மா எங்க?"

மணப்பெண் கூட்டத்தைத் துழாவினாள். "எங்க மாமா எங்க? மாமா இல்லாம எனக்குப் போட்டோவே வேண்டாம்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மை வேறு இட்டிருந்தாள்.

நடு வரிசையிலிருந்து பெண்ணின் அம்மா எழுந்தாள். பட்டுச் சேலை சரசரக்க ஆசீர்வாதத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏ அண்ணாச்சி, பெத்தவளைக் கீழ உக்கார வச்சுட்டு மாடி வீட்டுக்காரவளை மேல ஏத்தி வச்சிருக்கீகளே, இது எந்த ஊரு நியாயம்?"

"இல்லம்மா, நீங்க ரெண்டு வீட்டுக்கும்..."

"ஆமா, ரெண்டு வீட்டுக்கும் ஆளுன்னுதான் சொன்னோம். நீங்க எந்த வீட்டுக்கும் ஆளில்லன்னு ஆக்கிட்டீகளே!"

மண்டபமே சிரித்தது. ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி மேடையில் நின்ற மாடி வீட்டுக்காரர்களைப் பார்த்தார். பிறகு நிறைந்து வழியும் நடு வரிசையைப் பார்த்தார். அங்கே இசக்கியம்மாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சேலை விலை விசாரித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரும் உத்தேசமே அவர் முகத்தில் இல்லை.

ஆசீர்வாதம் தொண்டையைச் செருமினார்.

"பொண்ணுக்குச் சொந்தம்னு இருக்கிறவங்க எல்லாரும் மேல வாங்க. வேற யாருக்குச் சொந்தமா இருந்தாலும் பரவால்ல, வாங்க."

நடு வரிசை மொத்தமும் எழுந்து மேடைக்குப் போனது. தாய்மாமன் மருமகள் தோளில் கை வைத்து நின்றார். படம் எடுத்தார்கள்.

"இப்போ மாப்பிள்ளைக்குச் சொந்தம்னு இருக்கிறவங்க."

தாய்மாமன் மேடையை விட்டு இறங்கக்கூட இல்லை. பெண் பக்கத்திலிருந்து மகன் பக்கத்துக்கு நகர்ந்து, மீசையை நீவிக்கொண்டார். ஆபீஸ் பெண்கள் இறங்கினார்கள், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் கறுப்புக் கண்ணாடியோடு ஏறினார்கள். மறுபடியும் படம் எடுத்தார்கள். ஒரே ஆள் இரண்டு படத்திலும் எப்படி இருக்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆசீர்வாதம் நேராக இசக்கியம்மாளிடம் போனார். சட்டை வேர்த்திருந்தது.

"டீச்சர், உப்பளம் மட்டும்னு சொன்னாங்களே, அவங்க யாரு?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்கதானே பிரிச்சீங்க."

"நான் போறேன். போய்ப் பாக்கணும்."

"சாப்பிட்டுட்டுப் போங்க. இல்லன்னா எங்க அக்கா மறுபடியும் எந்திரிச்சு வருவா."

அவர் பயந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டே போனார்.

மத்தியானம் மையத்தில் வேறு யாரும் இல்லை. ஆசீர்வாதம் கம்ப்யூட்டரைத் திறந்து, உப்பளத்தை மட்டும் சொன்னவர்களைத் தனியாக எடுத்து ஒவ்வொருவராகப் பார்த்தார். எடை போடுகிறவர், காவல்காரர், ஆள் மேய்க்கும் மேஸ்திரி. வருடம் முழுக்க மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கொட்டகை நிழலில் இருப்பவர்கள். மழைக்கு உப்பளம் முங்கிப்போனால் வேறு வேலை தேடிப் போகத் தேவை இல்லாதவர்கள். வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்கள் அத்தனை பேரும் மழை மாதங்களில் வேறு எங்காவது போய்த்தான் வயிற்றைக் கழுவுகிறார்கள். அதனால் அத்தனை பேரும் 'பல தொழில்' ஆகிவிட்டார்கள்.

உப்பளக் கட்டத்தில் மாடி வீட்டுக்காரர்களை நிறுத்தி அவர் படம் எடுத்திருந்தார்.

'தொழில்' என்ற ஒற்றைக் கட்டத்தை உடைத்தார். உப்பளத்துக்குப் போவதுண்டா, உண்டு அல்லது இல்லை. நடவுக்குப் போவதுண்டா, உண்டு அல்லது இல்லை. கரி மூட்டத்துக்கு, சூளைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதே கேள்வி. ஒருவர் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் 'உண்டு' ஆகலாம்.

பாதியில் நின்றுவிட்டு இசக்கியம்மாளுக்குப் போன் போட்டார்.

"டீச்சர், உப்பளத்தையும் நடவையும் எப்படிப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுறது? அதே ஆளுங்க ரெண்டு பக்கமும் நிக்கிறாங்களே?"

பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "ஏன் ஒப்பிடுறீங்க? பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் சண்டையா நடக்குது? உப்பளத்துக்குப் போறவங்களை, உப்பளத்துக்கே போகாதவங்களோட வச்சுப் பாருங்க."

"நடவுக்கு?"

"நடவுக்குப் போகாதவங்களோட."

"அப்போ உப்பளமும் நடவும் சேர்ந்துதான் உடம்பைக் கெடுக்குதோ என்னவோ?"

"அதையும் பாருங்க. ரெண்டுக்கும் போறவங்களை எடுத்து, ஒண்ணுக்கு மட்டும் போறவங்களோட வச்சுப் பாருங்க. ஒளிச்சு மட்டும் வைக்காதீங்க. சார், பொண்ணை அனுப்புற நேரம், அக்கா அழுறா. அப்புறம் பேசுறேன்."

சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் உப்பளத்தில் கால் வைக்கிறவர்களிடம்தான் பட்டை அதிகம் நிறம் மாறியிருந்தது. கூட எந்த வேலைக்குப் போனாலும் சரி. நிழலில் இருந்தவர்கள் மட்டும் தப்பியிருந்தார்கள். ஆசீர்வாதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நிமிஷமே, இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் அதிகாரியின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை ஒதுக்குகிறவர் அவர்தான், பெயர் கோமதிநாயகம். நல்ல மனிதர். ஆனால் பின்னால் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அட்டவணையை மேலிருந்து கீழே கூட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது? மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டிப் போகுது. நீங்க விசாரிச்ச ஆளைவிட இதுல ஆள் கூடுதலா இருக்கே?"

"ஆள் அதே ஆள்தான் சார். ஒருத்தரே ரெண்டு மூணு தொழில்ல வருவாங்க. இதை மேலிருந்து கீழ கூட்டக் கூடாது. ஒவ்வொரு வரியையும் தனியாப் படிக்கணும்."

"எனக்குப் புரியுது. மேல இருக்கிறவங்களுக்கு யார் புரிய வைக்கிறது?" கோமதிநாயகம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஒண்ணு செய்வோம். அந்த வெள்ளைமேட்டு ஆளுங்க வருஷத்துல பாதி உப்பளம், பாதி வேற வேலை. சரியா? ஒவ்வொருத்தரையும் உப்பளத்துல அரை ஆளா எண்ணுங்க, மத்ததுல அரை ஆளா எண்ணுங்க. மொத்தமும் சரியா வந்துரும், யாரையும் விட்ட மாதிரியும் இருக்காது."

ஆசீர்வாதம் தாளின் ஓரத்தில் மளமளவென்று போட்டுப் பார்த்தார். மொத்தம் அச்சாக நூறு வந்தது. ஆனால் உப்பளத்தில் சந்தேகம் உள்ளவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஒரு குடியிருப்புக்கு வண்டி போக இத்தனை பேராவது இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருந்தது. வெள்ளைமேடு அந்த வரம்புக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது.

"அப்படிப் போட்டா இவங்களுக்கு வண்டி கிடைக்காது சார். பேச்சிக்கனின்னு ஒரு அம்மா, கணுக்கால் வீங்கி எங்க மையத்து வாசல்லயே வந்து நின்னாங்க."

"கிடைக்கலன்னா என்ன செய்ய? கணக்கு நியாயமா இருக்கணும்ல. ஒரு ஆளை ரெண்டு தடவை எண்ணுறது நியாயமா? நீங்க புள்ளியியல்ல இருந்தவரு. நீங்களே சொல்லுங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே கையெழுத்துப் போடுறேன்."

பேச்சிக்கனியின் கணுக்கால் ஆசீர்வாதத்தின் கண்ணிலேயே நின்றது. ஆனால் நூறு என்ற எண்ணும் தாளின் ஓரத்தில் நின்றது, சுத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல். வாழ்நாள் முழுக்க அந்த எண்ணை வர வைக்கத்தான் அவர் சம்பளம் வாங்கியிருந்தார். அரை அரையாகப் போடுவதில் தப்பு இருப்பதாக அவருக்குச் சட்டென்று எதுவும் தோன்றவில்லை.

"டீச்சர்," என்றார், "யாரையும் விடாம, யாரையும் ரெண்டு தடவை எண்ணாம... இதுவும் நியாயம்தானே?"

இசக்கியம்மாள் அட்டவணையை எடுத்து ஒரு முறை பார்த்தார். பிறகு அதை ஆசீர்வாதத்தின் முன்னாலேயே வைத்தார்.

"போடலாம் சார். ஆனா அடியில ஒரு வரி சேர்த்து எழுதிருங்க. என்னைக்காவது ஒரு நாள் அந்தப் பேச்சிக்கனி வண்டியில ஏறிக் கையை நீட்டுவாங்க. எந்தப் பாதியில ரத்தம் எடுக்கணும்னு நர்ஸுக்குத் தெரியணும்ல?"

கோமதிநாயகம் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஆசீர்வாதத்தைப் பார்த்தார். ஆசீர்வாதம் தாளின் ஓரத்தில் எழுதியிருந்த நூறைக் குறுக்கே அடித்தார். கோமதிநாயகம் வெள்ளைமேடு என்று எழுதி, வியாழக்கிழமை என்று நாள் போட்டு, கையெழுத்திட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். ஆசீர்வாதம் பேச்சிக்கனியின் போன் நம்பரைத் தேடி எடுத்தார்.